குறுக்குக் கம்பி இல்லாத மேடை

கௌசல்யாவும் பானுப்ரியாவும் சேர்ந்து திண்டுக்கல்லில் வாடகை மேடை போட்டுவந்தார்கள். மடக்கும் இரும்புக் கால்கள் வைத்த பலகைகள். வரிசையாக நிறுத்திக் கொக்கி மாட்டினால் மேடை. காதுகுத்து, வளைகாப்பு, பள்ளி ஆண்டுவிழா என்று வேடசந்தூர், குஜிலியம்பாறை வரைக்கும் குட்டியானை வண்டியில் ஏற்றிப் போவார்கள். வண்டி ஓட்டுவதும் மேடை பூட்டுவதும் கௌசல்யா. ஆர்டர் பிடிப்பது பானு.

அன்றைக்குக் குஜிலியம்பாறையில் வளைகாப்பு. பலகைகளை இறக்கிய பிறகுதான், கால்கள் சாயாமல் பிடித்துக்கொள்ளும் குறுக்குக் கம்பிகள் வண்டியில் இல்லை என்று கௌசல்யாவுக்குத் தெரிந்தது. உடனே போன் போட்டாள்.

“பானு, கம்பியெல்லாம் எங்கடி?”

“வெல்டிங் விட்டுப்போச்சுன்னு மன்சூர் அண்ணன் பட்டறைல குடுத்திருக்கேன். சொல்ல மறந்துட்டேன்.”

“அது இல்லாம எப்படி ஆள ஏத்துறது?”

“வளைகாப்புதான, அம்புட்டுப் பேரா ஏறப் போறாங்க? தைரியமாப் பூட்டு. நான் சொல்றேன்ல.”

பூட்டிவிட்டு ஆட்டிப் பார்த்தாள். லேசாக ஆடியது. பானு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா ராமுத்தாய்க்கு முட்டிவலி. அவளைக் கௌசல்யாதான் கைபிடித்து மேடையில் ஏற்றினாள். போட்டோவுக்காக எல்லோரும் ஒரு பக்கமாக நெருங்கியபோது கால்கள் மடங்கின. கர்ப்பிணியை இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டார்கள். ராமுத்தாய் விளிம்பிலிருந்து விழுந்தாள். கை முறிந்தது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் பானுவும் வந்தாள். ராமுத்தாயின் மகன் சிவபிரகாஷ் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். பானு நேராக அவனிடம் போனாள்.

“கம்பி இல்லாமப் போடாதடின்னு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேண்ணே. இவ கேக்கல.”

கௌசல்யா அவள் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் இவள் பக்கம் திரும்பவே இல்லை.

கட்டிலில் படுத்திருந்த ராமுத்தாய் கேட்டாள். “நீதானம்மா என்னயக் கைபுடிச்சு ஏத்துன?”

“நான்தாம்மா. ஆடுதுன்னு தெரிஞ்சும் ஏத்திட்டேன்.”

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனாள். மன்சூர் முழித்தார். “எங்கிட்ட ஒண்ணும் வரலையேம்மா. காலைல பானு எல்லாக் கம்பியவும் வேற வண்டில ஏத்திட்டு இந்த வழியாத்தான் வடமதுரைக்குப் போச்சு. அங்க பெரிய மேடை ஆர்டர், பக்கத்து ஊர்ல பலகை வாடகைக்கு எடுத்திருக்கேன், கம்பிதான் பத்தலைன்னு சொல்லுச்சு. உனக்குத் தெரியாதா?”

மறுநாள் பலகை அடுக்கும் கொட்டகையில் பானு தானாகவே பேச்சை எடுத்தாள்.

“கோவப்படாத கௌசி. ரெண்டு பேரு பேரும் கெட்டா தொழிலு என்னாகுறது? ஒரு பேராவது தப்பட்டும்னுதான் அப்படிச் சொன்னேன்.”

“நீ கேட்டிருந்தா எம் பழியின்னு நானே சொல்லிருப்பேன்டி. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

பானு வாய் திறக்குமுன் அவள் போன் அடித்தது. வாசலுக்குப் போய்ப் பேசினாள். “ஆமாங்க, மேடை நம்மளதுதான். இல்லைங்க, கூட இருந்தவங்க இப்ப இல்ல. நான் மட்டுந்தான் பாக்குறேன்.”

கௌசல்யா அடுக்கிலிருந்து ஒவ்வொரு பலகையாக இழுத்து, தன் பங்கைத் தனியாக வண்டியில் ஏற்றத் தொடங்கினாள். போன் பேசி முடித்து வந்த பானு, “நானும் ஒரு கை புடிக்கவா?” என்றாள்.

“வேணாம்” என்றாள் கௌசல்யா.