ஐந்தாவது ஏன்

எங்கள் கம்பெனியில் இரும்புக்குத்தான் ஏசி. மனிதர்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் அரைத்து எடுத்த ஷாஃப்ட்டுகள் இருபது டிகிரி குளிரில் கருங்கல் பலகைமேல் சுகமாகப் படுத்திருக்கும். அவற்றுக்குக் காவல் நான். பெயர் பிலோமி. திருவொற்றியூரில், டீசல் பம்புக்கு ஷாஃப்ட் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்சார்ஜ். மே மாதத்திலும் பையில் ஸ்வெட்டரோடு ராயபுரத்தில் பஸ் ஏறுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன். பார்க்கிறவர்கள் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூட்டுவலி இருக்கிறது, அது வேறு கதை.

ஷாஃப்ட் என்பது கட்டைவிரல் கனமுள்ள தண்டுதான். ஆனால் ஒரு தலைமுடியை எழுபதாகக் கீறினால் வருமே, அதில் ஐந்து கீற்றுக்குமேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்தக் கீற்றுக்குப் பெயர் மைக்ரான். சூட்டில் இரும்பு பெருக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஷெட்டிலிருந்து நேராக வந்த ஷாஃப்ட்டை அளந்தால் ஏறக்குறைய அந்த ஐந்து மைக்ரானும் பெருத்துக் காட்டும். சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவோம். ஆறிய பிறகு அது இளைத்துப் போயிருக்கும், பம்புக்குள் லூசாக ஆடும், எண்ணெய் கசியும். அதனால் அறைக்குள் கொண்டுவந்து நாலு மணி நேரம் ஆறப்போட்டுத்தான் அளக்க வேண்டும். வேறு வித்தை ஒன்றும் கிடையாது. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பொறுமைதான் எங்கள் சாலையில் கிடையாது. மத்தியானம் இரண்டு மணி தாண்டினால் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்ட ஆரம்பித்துவிடும். அதற்குள் எங்கள் லாரி கேட்டைத் தாண்டாவிட்டால் எண்ணூர் பக்கமும் போக முடியாது, ஊருக்குள்ளும் திரும்ப முடியாது. சாயங்காலம் வரை டிரைவர் வண்டிக்கடியில் படுத்துத் தூங்க வேண்டியதுதான். மே மாதம் ஆர்டர் கூடியபோது எங்கள் மேனேஜர் மதி இந்தக் கணக்கைப் போட்டார். ஷாஃப்ட் காலையில் பதினொன்றுக்கு வருகிறது, லாரி இரண்டுக்குப் போக வேண்டும், நாலு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்டார். சுடச்சுட அளந்து அனுப்புங்கள் என்றார். அப்படி அளந்தால் அது அளவே இல்லை சார் என்றேன். ஒரு வாரம்தானே மேடம் என்றார்.

அளந்தேன். ஏன் அளந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயே கை போகாது என்பார்கள், நாங்கள் மைக்ரானுக்குள் கையை விட்டோம். அரைக்கிற மிஷினில் நிற்கிற யாசின், நான் சொன்ன அளவை வைத்துத்தான் மிஷினைத் திருப்பினான். பெருத்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் இறக்கு என்றேன், இறக்கினான். அவன் வேலையில் ஒரு குற்றமும் இல்லை.

ஜூனில் பம்பு கம்பெனியிலிருந்து புகார் வந்தது. ஷாஃப்ட் எல்லாம் இளைத்திருக்கிறது, அந்த வாரத்துச் சரக்கு முழுவதும் திரும்பி வருகிறது, காரணம் எழுதிக் கொடுங்கள் என்று.

எங்கள் தொழிலில் காரணம் எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஐந்து தடவை ஏன் என்று கேட்க வேண்டும். ஷாஃப்ட் ஏன் இளைத்தது? அதிகமாக அரைத்ததால். ஏன் அதிகமாக அரைத்தார்கள்? இப்படியே இறங்கிக்கொண்டே போனால் ஐந்தாவது ஏனில் வேர் அகப்படும் என்பது அதைக் கண்டுபிடித்தவர்களின் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். இந்த அறையில் இருபத்திரண்டு வருஷமாக ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கு அகப்பட்டதெல்லாம் ஏதாவது ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர்தான். ஆபரேட்டர் கவனக்குறைவு, பயிற்சி அளிக்கப்பட்டது. இதை எழுதினால் புகார் மூடிவிடும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. போன முறை முப்பிடாதியின் பெயரை எழுதினோம். பயிற்சியும் அளித்தோம், அடுத்த மாதம் அவனை நிறுத்தியும் விட்டோம். இப்போது டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். என்னைப் பார்த்தால் காசு வாங்க மாட்டேன் என்கிறான், அதனாலேயே நான் அவன் வண்டியில் ஏறுவதில்லை.

இந்த முறை யாசின் பெயர் என்று மதி முடிவு செய்துவிட்டார். அது ஷெட் முழுக்கத் தெரிந்தும் விட்டது. யாசின் ஏழு வருஷமாகக் கான்ட்ராக்ட். அந்த மாதம்தான் பெர்மனென்ட் ஆக்கப் போகிறவர்களில் அவனையும் சேர்த்திருந்தார்கள். மனைவி ஜஸீமாவுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கியிருந்தது, பெர்மனென்ட் ஆனால்தான் அவளுக்கும் சேர்த்து ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்கும். ரிப்போர்ட்டில் பெயர் ஏறினால் பெர்மனென்ட்டும் கிடையாது, கான்ட்ராக்டும் கிடையாது.

சாப்பாட்டு வேளையில் என் அறைக் கதவருகே வந்து நின்றான். உள்ளே வரவில்லை. ஷெட்டில் இருப்பவர்கள் குளிருக்காக ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே நுழைவது வழக்கம், ஆள் சூட்டுக்கே அறை சூடாகிவிடும் என்று நான் விரட்டுவதும் வழக்கம். அவன் அதை நினைத்துத்தான் வெளியிலேயே நின்றான்.

“யக்கா, என் பேரத்தான் எழுதப் போறாங்கனு சொல்லிகினு கீறாங்க. நெசமா?”

“இன்னும் எழுதல நைனா” என்றேன்.

“எழுதுறது நீதானேக்கா” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் பம்பு கம்பெனியிலிருந்து ஜெஸ்வின் வந்தான். முப்பது வயது இருக்கும். பரிசோதனைக்கு வருகிறவர்கள் பொதுவாக விறைப்பாக இருப்பார்கள். இவன் ஒரகடத்திலிருந்து மூன்று மணி நேரம் டிராஃபிக்கில் உட்கார்ந்து வந்த களைப்பில் முதலில் தண்ணீர்தான் கேட்டான். மதி போன் பேச வெளியே போன சமயம் பார்த்து நடந்ததை அவனிடம் சொன்னேன். சூடு, லாரி, டிரெய்லர் வரிசை, மேனேஜர் சொன்னது, நான் செய்தது எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் லேசாக இருந்தது. சரி, உண்மைக்கு ஒரு ஆள் கிடைத்தது என்று நினைத்தேன்.

அவன் பேனாவை மூடினான்.

“மேடம், இத நான் அப்படியே எழுதினா, மேனேஜ்மென்ட்டே தெரிஞ்சு தப்பு பண்ணுதுன்னு ஆயிடும். உங்க கம்பெனிக்கு ஆர்டரையே நிறுத்திடுவாங்க. இங்க எத்தன பேர் வேல செய்றாங்க?”

ஷெட்டில் நூற்றைம்பது பேர் இருக்கிறார்கள் என்று அவனுக்கும் தெரியும். மூடக்கூடிய காரணமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள், நான் வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கும் அங்கே ஒரு மேனேஜர் இருப்பார்.

மதி திரும்பி வந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து ஏன் கேட்க ஆரம்பித்தோம். நாலாவது ஏன் வரை சுமுகமாக வந்துவிட்டது. ஐந்தாவதில் மதி யாசின் பெயரைச் சொன்னார். எழுத வேண்டியது என் கை. நான் என் பெயரை எழுதினேன். ஆறாத ஷாஃப்ட்டை அளந்தது இன்ஸ்பெக்டரின் தவறு என்று.

மதி என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. வெளியாள் முன்னால் ஒன்றும் பேச முடியவில்லை அவரால். ஜெஸ்வின் படித்துப் பார்த்துவிட்டு, சரி, இதற்குப் பயிற்சி அளிக்கப்பட்டதா என்று கேட்டான். அதில்தான் சிக்கல். எங்கள் கம்பெனியில் அளவெடுக்கப் பயிற்சி அளிக்கிற ஆள் நான் ஒருத்திதான். கடைசியில் பயிற்சி அளித்தவர் என்ற இடத்திலும் கையெழுத்துப் போட்டேன், பெற்றவர் என்ற இடத்திலும் போட்டேன். அவன் வாங்கிக்கொண்டு போனான், புகார் மூடியது.

இன்சார்ஜ் பதவியை எடுத்துவிட்டார்கள். அறை அதே அறை, வேலை அதே வேலை, கையெழுத்து மட்டும் இனி மதியினுடையது. இந்த வருஷ இன்கிரிமென்ட்டும் இல்லை. வீட்டில் என் மகள் ஜானட், உனக்கு என்னம்மா தியாகி பட்டமா கொடுக்கப் போறாங்க என்று கேட்டாள். அப்படி ஒன்றும் தியாகம் இல்லை, அளந்தது என் கைதானே என்றேன். பாதி உண்மை. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதை மறைப்பானேன்.

யாசின் பெர்மனென்ட் ஆனான். பெண் குழந்தை பிறந்தது, நவ்ரீன் என்று பெயர் வைத்தார்கள். கொருக்குப்பேட்டையில் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜஸீமா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஆகஸ்டில் அவனை லைன் லீடர் ஆக்கினார்கள். மிஷினிலிருந்து லாரி வரை சரக்கு போய்ச் சேருவது அவன் பொறுப்பு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் அரைப்பது தாமதமாகிவிட்டது. ஒரு மணிக்கு மேல் யாசினே தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். இந்த முறை கதவருகே நிற்கவில்லை, நேராக உள்ளே வந்துவிட்டான். ஒரு ஷாஃப்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கையில் வைத்திருக்க முடியவில்லை.

“யக்கா, வண்டி நிக்கிது. டிரெய்லருங்க லைன் கட்ட ஆரம்பிச்சிட்ச்சி. அப்டியே அளந்து குட்த்துடுக்கா.”

ஆறினால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். தெரியாமல் எப்படி இருக்கும்? அதனால் போகவிருந்தது அவன் பிழைப்புத்தானே. ஆனால் வண்டி போகாவிட்டால் மதி தன் தலையில்தான் போடுவார், லைன் லீடர் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரொம்பப் பிரியமாகக் கேட்டான்.

“தப்பா வந்தா நீ பாத்துக்குவே இல்லக்கா? போன தபா பாத்துகினியே.”

திட்ட வாய் வரவில்லை. அவன் என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை, நம்பித்தான் கேட்டான். என் பெயரைக் கொடுத்து அவனைக் காப்பாற்றிவிட்டதாக இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கற்றுக்கொண்டது, சூடாக அளக்கலாம், பழி சுமக்க ஒரு அக்கா இருக்கிறாள் என்பதைத்தான். முப்பிடாதியை எழுதியபோதும் அந்த வழக்கம் பிழைத்தது, என்னை எழுதியபோதும் பிழைத்தது.

வண்டியிலிருந்து ஷாஃப்ட்டுகளைத் துணியால் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கல்மேல் அடுக்கினேன். யாசினை உட்காரச் சொன்னேன். அவன் உட்காரவில்லை, என்னக்கா பண்ற என்று கேட்டுக்கொண்டே நின்றான். போய்க் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். அதற்குப் பிறகு உட்கார்ந்தான். வெளியே எங்கள் லாரி ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது. மேஜைமேல் போன் அடித்தது, அடித்து நின்றது, மறுபடியும் அடித்தது. யாசின் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

எடுத்தேன். மதிதான். என்ன நடக்கிறது அங்கே என்று கேட்டார். ஆறிக்கொண்டிருக்கிறது சார், சாயங்காலம் அளந்து தருகிறேன் என்றேன். வண்டி போகாததற்கு அவர் பம்பு கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும், யார் பெயரை எழுதுவது, யாசின் பெயரையா என்று கேட்டார். எதிரே யாசினுக்கு அது கேட்டிருக்க வேண்டும், முகம் வெளுத்துப் போயிற்று.

“என் பேரையே எழுதுங்க சார்” என்றேன். “இந்த தடவை நெஜமாவே நான்தான்.”