மர்கனியின் ஊர்

1
இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்திலிருந்து வந்தது. பிழைக்க வந்த நகரத்தில் நாங்கள் வைத்திருக்கும் ஊர்ச் சங்கத்து இறப்பு நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'ஊர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்புகிற வேலை என்னுடையது. மூட்டை தூக்கிய கை. ஐம்பத்திரண்டு வயதில், இதே சங்கக் கூடத்து எழுத்து வகுப்பில்தான் பேனா பிடித்தது.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அன்று அலெக்சாந்திரியாவின் கடற்காற்றில் ஏதோ ஒரு சோகம்

(அடித்துவிட்டேன். முப்பது வருஷம் துறைமுகத்தில் சுமந்தவன் நான். காற்றில் உப்புதான் இருக்கும்.)

மர்கனி செத்துப்போனான். கூடத்துக்குத் துக்கம் கேட்க வருகிறவர்களுக்குச் சர்க்கரை போடாத காப்பி கொடுக்கிறவன். இருபது வருஷமாக. எங்கள் ஊர்க்காரனில்லை. எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. நானும்தான்.*

* என் பெயரை நான் முதன்முதலாக எழுதிய அன்று எட்டிப் பார்த்தான். "கோழி கிளறின மாதிரி இருக்கு தாஹாண்ணே. என் பேரு வர்றப்ப கொஞ்சம் நேரா எழுது."

3
மையவாடியில் சங்கத்துக்குக் குழிகள் உண்டு, ஊர்க்காரருக்கு மட்டும். மற்றவர்களை நகராட்சி வண்டி கொண்டுபோய்ப் பெயரில்லாத குழியில் இடும். மூன்று நாள் துக்கமும் கிடையாது.

"மூணு குழிதான் மிச்சம் தாஹா," என்றார் தலைவர் ஹாஜி ஸுபைர்.

"நம்ம சாவுக்கெல்லாம் காப்பி ஊத்தினவன் ஹாஜி."

"ஊத்தினா ஊர்க்காரனா? அப்ப தெருமுனைக் காப்பிக் கடைக்காரனையும் இங்கயே புதைச்சிடலாம்."

"நம்ம ஊரே அணைத் தண்ணிக்குள்ள கெடக்கு. யாரு முங்கிப் போயி விசாரிக்கப் போறா?"

அவர் சிரிக்கவில்லை.

"அதனாலதான்டா. ஊருன்னு நமக்கு மிச்சம் இந்த நோட்டு ஒண்ணுதான். இதுலயும் பொய் எழுதணுமா?"

4
ஸுபைரைக் கல்நெஞ்சக்காரராகத்தான் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். காலையில் மர்கனியைக் குளிப்பாட்டியவர் அவர்தான். காதுக்குப் பின்னால்கூடப் பார்த்துப் பார்த்துக் கழுவினார். அப்படிப்பட்டவர் நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "எழுதுறவன் நீதான்," என்று ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

5
ஒரு முடிவு: எங்கள் ஊர்ப் பெயரை எழுதுகிறேன். மர்கனிக்குக் குழி கிடைக்கிறது. அதன் பிறகு அந்த நோட்டில் உள்ள எந்தப் பெயரைப் படித்தாலும் எனக்குச் சந்தேகம்

இன்னொன்று: கட்டத்தைக் காலியாக விடுகிறேன். நோட்டு சுத்தமாக இருக்கிறது. நகராட்சி வண்டி

(இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். சொன்னால் என்னை எடைபோட்டுவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

6
அதனால் இப்படியே நிறுத்துகிறேன். உடல் வாசலில் இருக்கிறது. மதியத் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ஸுபைர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பெயரை எழுதிவிட்டேன், அவன் கேட்டபடி நேராக.

இந்தாருங்கள் பேனா. உங்கள் ஊரில் இடமிருந்தால் அதன் பெயரையும் எழுதலாம்.

பெயர்: மர்கனி
ஊர்: