சிவப்பு மிதவைகளுக்கு உள்ளே

கறார் காலையில் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதே முதல் சிபாரிசு வந்துவிட்டது. அதுவும் வெளியிலிருந்து வரவில்லை. அடுப்படியிலிருந்து வந்தது.

கறார் என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். ஆற்றுப் போக்குவரத்துக் காவலில் அதிகாரி. உயிர்காப்புச் சட்டை போடாமல் படகில் போன ஒருவரை அவர் கரைக்கு இழுத்துவந்து திட்டிய திட்டில், அந்த மனிதர் இன்றுவரை குளியலறைக்குள்கூட அந்தச் சட்டையோடுதான் போகிறார் என்று பேச்சு. கறாரின் விசில் சத்தம் கேட்டால் ஆற்று வாத்துகள் இடப்பக்கம் ஒதுங்கி வரிசையில் நீந்தும். அப்பேர்ப்பட்ட மனிதர்.

அன்று மாலை புதுப் பாலத்தின் திறப்பு விழா. ஆற்றின் நடுவே ஒரு பெரிய தட்டைப் படகை நங்கூரம் போட்டு நிறுத்தி, அதிலிருந்து வாணவேடிக்கை விடுவதாக ஏற்பாடு. போன வருடம் இன்னொரு விழாவில் இதே ஆற்றில் ஒரு வாணத்தின் நெருப்பு, வேடிக்கை பார்க்க வந்த படகு ஒன்றின் கூரைத் துணியில் விழுந்துவிட்டது. படகில் இருந்த அத்தனை பேரும் தண்ணீரில் குதித்துத் தப்பினார்கள். ஒரு பெண்ணுக்கு மட்டும் கை வெந்துபோனது. அதனால் இந்த முறை உத்தரவு கண்டிப்பாக இருந்தது. தட்டைப் படகைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு மிதவைகள். அவற்றுக்கு உள்ளே எந்தப் படகும் போகக் கூடாது. போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது கறாரின் பொறுப்பு.

"ஏங்க..." என்றாள் மனைவி.

இந்த ஒரு சொல்லை அவள் இழுக்கிற நீளத்தை வைத்தே வரப்போகிற ஆபத்தை அளந்துவிடலாம். அன்று அவள் இழுத்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, தானாகவே அடங்கியும் விட்டது.

விஷயம் இதுதான். அவளுடைய அண்ணன் புதுப்படகு வாங்கியிருக்கிறார். நீலக் கூரை, மெத்தை போட்ட இருக்கைகள், சாய்ந்துகொள்ளத் தலையணை. படகா கல்யாண மண்டபமா என்று சந்தேகம் வரும். அதில்தான் குடும்பமே வாணவேடிக்கை பார்க்கப் போகிறது. ஆற்றுக்கே அதிகாரி என் மாப்பிள்ளைதான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் மனிதர், எல்லோரையும்போல மிதவைக்கு வெளியே நின்றால் அவருக்கு என்ன மரியாதை?

கறார் உத்தரவை எடுத்துச் சொன்னார். நெருப்பு விழும் என்றார். போன வருடத்துக் கதையையும் சொன்னார். மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் மத்தவங்களுக்குங்க" என்றாள்.

கறார் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"சரி, ஒரு ஓரமா நிக்கச் சொல்லு. யார்கிட்டயும் மூச்சு விடாத."

இவ்வளவு சின்ன ஓட்டைதான். ஆனால் அதற்குள் ஒரு கப்பல் படையே நுழைந்துவிட்டது. அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்ததும் பல் டாக்டர் கூப்பிட்டார். கறாருக்குப் பல் பிடுங்கிய உரிமையில் கேட்டார். அடுத்து மேலதிகாரியின் சம்பந்தி. அதற்கடுத்து, மகளைப் பள்ளியில் சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியை. மச்சானுக்குச் சரி என்று சொன்ன வாயால் இவர்களுக்கு எப்படி முடியாது என்று சொல்வது? எல்லோரிடமும் கறார் அதே வாக்கியத்தைச் சொன்னார். ஒரு ஓரமா நில்லுங்க, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. பிற்பகலில் தொலைபேசி மணி அடித்தாலே, யார் பேசுகிறார்கள் என்று கேட்காமல் "ஓரமா நில்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் கேன் போடுகிறவர் எங்கே இறக்குவது என்று கேட்கக் கூப்பிட்டவர். அவருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது.

எல்லோருக்கும் மகா சந்தோஷம். மற்றவர்களுக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதைவிட இனிப்பான பண்டம் இந்த உலகத்தில் எந்தக் கடையிலும் விற்பதில்லை. அந்த இனிப்பைத் தனியாகத் தின்ன மனம் வராமல், ஒவ்வொருவரும் ஒரே ஒரு நெருங்கிய நண்பரிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னார்கள். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

மாலை வந்தது. இரண்டு கரையிலும் கூட்டம். தும்மல் வந்தவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் அனுமதி வாங்கித்தான் தும்ம முடிந்தது. ஆற்றிலோ காட்சி தலைகீழாக இருந்தது. சிவப்பு மிதவைகளுக்கு வெளியே மீன்பிடிக்கிறவர்களும், பரிசல் ஓட்டுகிறவர்களும், யாரையும் தெரியாதவர்களும் காலை நீட்டிக்கொண்டு விஸ்தாரமாக இருந்தார்கள். மிதவைகளுக்கு உள்ளேதான் நெரிசல். படகோடு படகு உரசிக்கொண்டு, எல்லோரும் ஓரமாகவே நின்றதில் நடுவே இடமே இல்லாமல் போய்விட்டது. தேநீர் விற்கிற ஆள் ஒருவர் கால் நனையாமல் படகுக்குப் படகு தாண்டி வியாபாரம் செய்துகொண்டே அக்கரைப் பக்கம் போய்விட்டார்.

கறாரின் காவல் படகு வந்ததுதான் தாமதம், புகார்கள் ஆரம்பித்தன. எனக்கு மட்டும் என்றுதானே சொன்னீர்கள், இவர்களெல்லாம் யார் என்று பல் டாக்டர் கேட்டார். பொதுமக்கள் இப்படி விதியை மதிக்காவிட்டால் நாடு எப்படி உருப்படும் என்று, விதிக்கு உள்ளே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சம்பந்தி வருத்தப்பட்டார். மச்சானுக்குத்தான் மனது ரொம்பப் புண்பட்டிருந்தது.

"மாப்பிள்ளை, குடும்பத்து ஆளுங்க நிக்கிற இடத்துல கண்டவனும் வந்து நிக்கிறான். ஒரு விசிலை ஊதி விரட்டுங்க."

கறார் ஊதினார். நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் திரட்டி ஊதினார். வாத்துகள் ஒழுங்காக வெளியேறின. படகு ஒன்றுகூட அசையவில்லை. விசில் பக்கத்துப் படகுக்கு என்று ஒவ்வொருவரும் நினைத்து, பக்கத்துப் படகைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

தட்டைப் படகின் மேல் ஒரு மரப்பெட்டியில் வாணக்காரம்மா உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் வெடிச் சத்தத்தோடு குடும்பம் நடத்தியவர். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்திருந்தார். அதனால் சிபாரிசு எதுவும் அவருக்குள் போக வழியில்லை. வட்டத்துக்குள் படகு இருக்கும்வரை பற்றவைக்க மாட்டேன் என்று ஒரே தடவை சொன்னவர், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கரையில் கூட்டம் கூச்சல் போட்டது. அவருக்கு அது மாலைநேரத் தென்றலாக இருந்திருக்கும்.

கறாரின் தொலைபேசி அலறியது. மேலதிகாரி. தலைமை விருந்தினர் கொட்டாவி விட்டுவிட்டாராம். காற்று வேகம் பிடித்தால் நிகழ்ச்சியே ரத்தாகிவிடுமாம். அந்தம்மாவிடம் சொல்லி உடனே ஆரம்பிக்கவில்லை என்றால், நாளையிலிருந்து கறாருக்கு ஆறு கிடையாது. நெடுஞ்சாலையில் வெயிலில் நின்று லாரிகளுக்குக் கை காட்டுகிற வேலைதான். சம்பந்தியின் படகை மட்டும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றும் கடைசியில் சொல்லி வைத்தார்.

கறார் தட்டைப் படகில் ஏறினார். வாணக்காரம்மா ஒரு காதிலிருந்து மட்டும் பஞ்சை எடுத்தார்.

"எல்லாம் நமக்கு வேண்டப்பட்டவங்கம்மா" என்றார் கறார். விசில் ஊதுகிற வாயிலிருந்து இவ்வளவு மெல்லிய குரல் வந்ததில் அவருக்கே ஆச்சரியம். "ஓரமாத்தான் நிக்கிறாங்க. நீங்க கொஞ்சம் பாத்துப் பத்த வைங்க."

"வாணத்துக்கு வேண்டப்பட்டவங்க யாருன்னு தெரியாது சார்." அந்தம்மா கோபப்படவில்லை. "எவ்வளவு கவனமா கட்டினாலும், எப்பவாவது ஒண்ணு மேல போய் வெடிக்காம நெருப்போட கீழ வரும். வந்தா இந்த வட்டத்துக்குள்ளதான் விழும். எந்தப் படகுல விழலாம்னு நீங்களே கை காட்டுங்க. உடனே பத்த வைக்கிறேன்."

கறார் திரும்பிப் பார்த்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவருடைய கை முதலில் பல் டாக்டர் பக்கம்தான் லேசாக எழுந்தது. பிடுங்க வேண்டிய பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கியவர் அவர். ஆனால் டாக்டருக்குப் பக்கத்தில் அவருடைய அம்மா சால்வை போர்த்திக்கொண்டு, வாயைத் திறந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கொஞ்சம் நகர்ந்து சம்பந்தியிடம் போனது. அங்கே ஒரு நொடி ஆசையோடு நின்றது. சம்பந்தியின் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்தும் நகர்ந்த கை, நீலக் கூரைக்கு நேராக வந்தது.

மனைவி அவரைப் பார்த்துவிட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக் காட்டி, இன்னும் சாப்பிடவில்லையே என்று சைகையில் கேட்டாள்.

கறாரின் கை தானாகக் கீழே விழுந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. காலையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றபடி தான் எதற்குச் சரி சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"மைக் இருக்காம்மா?" என்று கேட்டார்.

அந்தம்மா கையில் பிடித்துப் பேசும் ஒலிபெருக்கியை எடுத்துக் கொடுத்தார். கறார் அதை வாயில் வைத்ததும் இரண்டு கரையும் அமைதியானது.

"நீலக் கூரை போட்ட படகு முதல்ல வெளிய போகணும்" என்றார். "அது என் மச்சான் படகு. அதுல என் சம்சாரம் இருக்காங்க. உள்ள நிக்கச் சொன்னது நான்தான். நான் பண்ணது தப்பு. எங்க வீட்டுப் படகு போனதும் மத்த எல்லாப் படகும் பின்னாடியே போகணும். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. எனக்கு வேலை போனாலும் பரவாயில்ல."

மச்சான் தன் முகத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்க முடியுமா என்று பார்த்தார். மனைவி எழுந்து நின்றாள். ஆறே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சாப்பாட்டு டப்பா இப்போது பறந்து வந்து அதிகாரியின் நெற்றியில் விழும் என்று கரையில் பலர் மனதுக்குள் பந்தயம் கட்டினார்கள்.

"அண்ணே, கயித்தை அவுருங்க" என்றாள் அவள்.

"என்னம்மா, நீயும் அவரோட சேந்துக்கிட்டு..."

"அவுருங்கண்ணே. நம்ம முகத்துக்காகக் காலையில வாயை மூடிக்கிட்டவர் இப்பதான் திறந்திருக்காரு."

நீலக் கூரை அசைந்தது. அதன்பிறகு யாருக்கும் நியாயம் பேச இடமில்லாமல் போய்விட்டது. அவசரத்துக்கு டாக்டர் ஒருவர் உள்ளே இருப்பது நல்லதுதானே என்று பல் டாக்டர் மட்டும் கேட்டுப் பார்த்தார். வானத்துக்குப் பல் வலி வந்தால் கூப்பிடுகிறோம் என்று கறார் ஒலிபெருக்கியிலேயே பதில் சொல்ல, கரை சிரித்த சிரிப்பில் புதுப் பாலம் லேசாக ஆடியது. சம்பந்தி தொலைபேசியைக் கையில் எடுத்தார். அதிகாரி தன் பெண்டாட்டியையே வெளியே அனுப்பிவிட்டார் என்று மேலே எப்படிப் புகார் சொல்வது? பேசாமல் பைக்குள் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

வெளியே இருந்த மீன்காரர்கள் தங்கள் படகுகளைத் தள்ளி வழிவிட்டார்கள். "வாங்க சார், வாங்க. இங்க தாராளமா இடம் இருக்கு" என்றார் ஒருவர். "நாங்க சிபாரிசு இல்லாம புடிச்ச இடம்."

கடைசிப் படகும், அதன் பின்னால் கறாரின் காவல் படகும் மிதவையைத் தாண்டியதைப் பார்த்த பிறகு வாணக்காரம்மா பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டார். பற்றவைத்தார்.

அன்று வானம் பட்ட பாட்டை எந்த வார்த்தையில் சொல்வது. பச்சைக் குடைகள் விரிந்தன. தங்க மழை கொட்டியது. தாமதமாக வந்த நட்சத்திரங்கள், நாம் தவறான நாளில் வந்துவிட்டோம் என்று நினைத்து வெட்கப்பட்டன. மச்சானே கோபத்தை மறந்து வாயைத் திறந்துவிட்டார்.

அப்போதுதான் ஒன்று மேலே போய் விரியாமல் நின்றது. பிறகு ஒரு சிவப்புப் புள்ளியாக அப்படியே இறங்க ஆரம்பித்தது. கறார் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அது மிதவைகளுக்கு உள்ளே, நீலக் கூரை நின்றிருந்த இடத்துக்கு அருகில் தண்ணீரைத் தொட்டு வெடித்தது. தண்ணீர் மரம்போல எழுந்து விழுந்தது. சிவப்பு மிதவைகள் துள்ளின. அங்கே வேறு எதுவும் இல்லை.

பல் டாக்டர் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேலதிகாரி கூப்பிட்டார். ஏற்பாடு பிரமாதம் என்று தலைமை விருந்தினர் பாராட்டினாராம். கண்டிப்பாக இருக்கச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன் என்றார். கறார் தொலைபேசியை அணைத்தார். கூட்டம் கலைந்த பிறகும் காவல் படகிலேயே ஆற்றைச் சுற்றி வந்தார். நன்றாக இருந்த மிதவைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். வாணத்துக்குப் பயப்படாமல் இருக்கலாம். வீட்டுக்குப் போகப் பயப்படாமல் இருக்க முடியுமா?

ஆனால் வீடே படகுத்துறைக்கு வந்து நின்றது. மனைவி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தார்.

"இருந்தாலும் மாப்பிள்ளை, ஊர் முன்னாடி என் படகைச் சொல்லியிருக்க வேணாம்" என்றார் மச்சான். "தனியா வந்து காதுல சொல்லியிருந்தா நானே போயிருப்பேன்."

"காதுல சொல்லித்தானேண்ணே எல்லாரும் உள்ள வந்தோம்" என்றாள் தங்கை.

மச்சான் ஆற்றைப் பார்த்துக்கொண்டார். அவள் கணவனிடம் திரும்பினாள். கண் இன்னும் கலங்கித்தான் இருந்தது.

"மத்தவங்க எல்லாரும் விதிப்படி நடப்பாங்கங்கிற தைரியத்துலதான், நமக்கு மட்டும் விலக்கு வேணும்னு கேக்குறோம். எல்லாருமே அப்படிக் கேட்டா, நம்மளைக் காப்பாத்த விதின்னு ஒண்ணு மிச்சம் இருக்காதுங்க. இனிமே நானே வந்து கேட்டாலும் முடியாதுன்னு சொல்லுங்க. கோவப்படத்தான் செய்வேன். உயிரோட இருந்து கோவப்பட்டுட்டுப் போறேன்."