தனியாகப் போய் வருகிறவள்

அந்தத் தெருவில் எல்லாமே கூப்பிடு தூரம்தான். மருந்துக் கடையில் ஒருவர் தும்மினால் சைக்கிள் கடையிலிருந்து நூறாயுசு சொல்வார்கள். மேல் முனையில் பல்கலைக்கழகத்தின் பின்வாசல், கீழ் முனையில் தபால் நிலையம், நடுவே இரண்டு வரிசை மரங்களும் இரண்டு பேர் கைகோத்து நடக்கிற அளவுக்கு நடைபாதையும். கார் வைத்திருப்பவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் வண்டியை நிறுத்த இடம் தேடிச் சுற்றி வருவதற்குள், நடந்து போனவர் சாமான் வாங்கி, நாலு பேரிடம் ஊர்க்கதை பேசி, வீடு திரும்பி டீயும் குடித்து முடித்திருப்பார்.

மீனக்காவுக்கு இந்தத் தெரு என்றால் உயிர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. பல்கலைக்கழக உயிரியல் துறையில் ஆராய்ச்சிக்காக வளர்க்கும் மீன்களைப் பராமரிப்பது அவள் வேலை என்பதால் மாணவர்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. ஜெராக்ஸ் கடைக்கார அம்மா அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவரே வாய் கூசாமல் அக்கா என்பார். மீன்களுக்கு ஞாயிறும் கிடையாது, விடுமுறையும் கிடையாது. விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கோடு போட்ட மீன்களுக்குத் தண்ணீரின் சூடு ஒரு டிகிரி கூடினால் முகம் சுண்டிவிடும். ஆகவே வருஷம் முழுக்க, தினமும் அவள் அந்தத் தெருவில் போய் வந்தாக வேண்டும்.

அவளுக்கு வலிப்பு உண்டு. முப்பது வயதுக்கு மேல் வந்தது, மாத்திரைக்கு ஓரளவு கட்டுப்பட்டிருக்கிறது. தனியாக நீந்தக் கூடாது, ஏணியில் ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நீச்சல் அவளுக்குத் தெரியாது, ஏணியோடு அவளுக்குப் பெரிய உறவும் இருந்ததில்லை. வண்டி ஓட்டக் கூடாது என்றதுதான் குத்தியது. அப்போது அவளும் கணவரும் இருந்த இடத்தில் வண்டி இல்லாமல் ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. அந்த வருஷமே இங்கே குடிவந்தார்கள். வந்த முதல் வாரம், யாரையும் கேட்காமல், யாருக்கும் காத்திருக்காமல், ஒரு கட்டு கீரைக்காகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கயிறு அறுந்தால் ஒரு பிரேக், அது பிடிக்காவிட்டால் இன்னொன்று, அதற்கும் கீழே குழியில் ஒரு ஸ்பிரிங். இந்தத் தொழில் மனிதரின் ரத்தத்தில் ஊறிவிட்டது. ஊருக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு கடிகாரத்தில் அலாரம் வைத்து, மூன்றாவதாக அவளையும் எழுப்பச் சொல்லிவிட்டுப் படுப்பார். நல்லவர்தான். நல்லவர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

அந்த நல்ல மனிதர் ஒரு நாள் வீடு பார்த்துவிட்டு வந்தார். நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சொந்த வீடு. இப்போது இருப்பது இரண்டாவது மாடி, வாடகை. அதன் படிக்கட்டில் அவள் எப்போது விழுவாளோ என்பது அவருக்குத் தீராத கவலை. புது வீட்டில் படியே கிடையாது. மூன்று அறை, பின்னால் தோட்டம். அவர் சொல்லிக்கொண்டே போக, இவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டு இருவரும் அவருடைய வேனில் போனார்கள்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. குறை சொல்ல வேண்டுமே என்று தேடினாலும் கிடைக்கவில்லை. அவர் தரகரோடு தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடிச் சோதித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கடை ஏதாவது இருக்கிறதா பார்த்துவிட்டு வரலாம் என்று மீனக்கா வெளியே இறங்கினாள். வீடுகள், வேலிகள், மறுபடியும் வீடுகள். நடைபாதை என்று ஒன்று கிடையாது, தார் ரோட்டின் ஓரமாகத்தான் நடக்க வேண்டும். ஒரு பயல் எதிரில் வரவில்லை. கடைசியில் ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்த பெண்மணி கண்ணாடியை இறக்கி, வண்டி எங்கே பழுதாகி நிற்கிறது என்று அக்கறையோடு விசாரித்தாள். வண்டி இல்லை, சும்மா நடக்கிறேன் என்று இவள் சொன்னதும் அந்த அம்மாள் முகத்தில் பயம்தான் தெரிந்தது.

திரும்பும் வழியில் கடை எவ்வளவு தூரம் என்று கணவரிடம் கேட்டாள். காரில் பத்து நிமிஷம் என்றார்.

"அதுக்கென்ன, எங்க போகணும்னாலும் நான் இருக்கேன்ல? ஒரு வார்த்தை சொல்லு, கூட்டிட்டுப் போறேன். வேலைக்கும் நானே கொண்டு விட்டு, நானே கூட்டிட்டு வரேன்."

அவர் குரலில் அத்தனை பாசம். கூட்டிக்கொண்டு போக ஆள் இருந்தால் மட்டும் நகர்கிற சாமானாக ஆகப்போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் சொந்த வீட்டுக் கனவோடு வேன் ஓட்டுகிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். மௌனம் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். புதன்கிழமை முன்பணம் கொடுப்பதாகத் தரகரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடையில் நின்று விஷயத்தைச் சொன்னாள். மனசில் இருப்பதைக் கொட்ட அவளுக்கு அந்தக் கடைதான் தோது. கடைக்கார அம்மா ஒரு ஆராய்ச்சி மாணவரின் தடித்த புத்தகத்துக்கு அட்டை ஒட்டிக்கொண்டே கேட்டார். தெருவே வெறிச்சோடிப் போகும் என்று வருத்தப்பட்டார். பிறகு, பேச்சுவாக்கில், பசைத் தூரிகையை வைத்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப உங்க வீட்டுக்காரர் நம்பரை இனிமே நான் ஃபோன்ல வச்சிருக்க வேண்டாம்."

"எந்த நம்பர்?"

கடைக்கார அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். கொட்டின பாலை அள்ள முடியுமா? மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. அவர்கள் குடிவந்த புதிதில் ஒரு சாயங்காலம் லிஃப்ட்காரர் கையில் பிஸ்கட் டப்பாவோடு கடைக்கு வந்திருக்கிறார். என் மனைவி தினமும் இந்த வழியாகப் போவாள், அவளுக்கு இப்படி ஒரு உடம்பு, ஏதாவது ஆனால் உடனே கூப்பிடுங்கள் என்று எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இங்கே மட்டுமில்லை. ரொட்டிக் கடை, மருந்துக் கடை, சைக்கிள் கடை, எல்லா இடத்திலும் ஆளுக்கொரு டப்பா.

மீனக்கா கடையை விட்டு இறங்கி நடந்தாள். சைக்கிள் கடைக்காரர் வழக்கம்போல் ஸ்பேனரை உயர்த்திக் காட்டினார். ரொட்டிக் கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். இத்தனை வருஷமாக இதையெல்லாம் தன்னுடைய முகராசி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தனியாகப் போய் வருகிறோம் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். பார்த்தால், கை மாற்றிக் கை மாற்றி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்று தொட்டிகளைக் கழுவும்போது அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதரிடம் சாயங்காலம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

வேலை முடிந்ததும் வீம்புக்குத் தெரு வழியாக வராமல், மாணவர் விடுதிக்குப் பின்னால் மதிலை ஒட்டிப் போகும் பாதையைப் பிடித்தாள். அங்கே கடை கிடையாது, யாரும் கை காட்ட மாட்டார்கள். நன்றாக வேண்டும் எல்லோருக்கும் என்று வேகமாக நடந்தாள். கொஞ்ச தூரத்திலேயே அலுப்புத் தட்டியது. மதிலைப் பார்த்து என்ன பேசுவது?

பாதி வழியில் ஒன்று சுருக்கென்று உறைத்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

போன வருஷம், மாணவர்கள் ஆராய்ச்சிப் புத்தகம் கொடுக்கும் கெடு நெருங்கியிருந்த நாளில், ஜெராக்ஸ் கடை வாசலில் அவளுக்கு வலிப்பு வந்தது. வீட்டில் அதை அவள் சொல்லவேயில்லை. சொன்னால் மறுநாளே மனிதர் வேலையை விடச் சொல்லியிருப்பார். கண் திறந்தபோது அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், தலைக்குக் கீழே யாருடைய ஸ்வெட்டரோ இருந்தது. வரிசையில் நின்ற மாணவர்கள் அவளுக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்த்தபடி தோளோடு தோள் நின்றிருந்தார்கள், போகிற வருகிறவர்கள் வேடிக்கை பார்க்காதிருக்க. கடைக்கார அம்மா பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையில் ஃபோனை வைத்துக்கொண்டு, "வீட்டுக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அவர் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு டீ வாங்கி வரச் சொன்னார்.

அப்போதே அந்த ஃபோனில் எண் இருந்திருக்கிறது. ஒரு விரல் தட்டினால் போதும். பிஸ்கட் வாங்கித் தின்றவர்தான். தட்டவில்லை.

மீனக்கா திரும்பித் தெரு வழியாகவே வீட்டுக்குப் போனாள்.

கணவர் புது வீட்டில் எந்த அறையில் எதைப் போடலாம் என்று யோசனையில் இருந்தார். அவள் உட்காரக்கூட இல்லை. பிஸ்கட் டப்பாக்களைப் பற்றித் தெரியும் என்றாள். அவர் மறுக்கவில்லை. ஆளைத் தனியாக அனுப்பிவிட்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிறவன் பாடு உனக்கென்ன தெரியும், ஃபோன் அடித்தாலே உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பேன் என்று தன் பக்கத்தைச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது விட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்ததால், போன வருஷம் நடந்ததைச் சொன்னாள்.

அவர் முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. "எதுக்கு அந்தம்மாகிட்ட நம்பர் குடுத்து வச்சிருக்கேன்? ஏன் கூப்பிடல?"

"நம்பர் உங்ககிட்டதான் வாங்கிக்கிட்டாங்க. ஆனா கூப்பிடலாமான்னு என்னைக் கேட்டாங்க. நீங்க இதுவரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டதுண்டா?"

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அவள் விடவில்லை.

"அந்த வீட்டுக்குப் போனா, ஒரு ஊசி வாங்கணும்னாலும் உங்களைக் கேக்கணும்."

"கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

"சொல்ல மாட்டீங்க. நீங்க ஓடி வருவீங்க. அதனால நான் கேக்கறதையே நிறுத்திடுவேன். அப்புறம் வீட்டுக்குள்ளயே இருந்துப்பேன்."

அவருக்குக் கோபம் இறங்கி, பயமும் கொஞ்சம் இறங்கி, கடைசியில் ஒரு கேள்விதான் மிஞ்சியது. அன்றைக்கு அவளை வீட்டுக்கு யார் கூட்டிக்கொண்டு வந்தது என்று கேட்டார்.

"யாரும் இல்ல. டீ குடிச்சேன், கொஞ்ச நேரம் உக்காந்தேன், மீனுக்குத் தீனி போட்டேன். அப்புறம் நானா நடந்து வந்தேன்."

அவர் அதைத் தனக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்ப்பதுபோல் உதடு அசைந்தது. அவளுடைய வலிப்பை அவர் எண்ணிப் பார்க்காத நாளில்லை. அவள் விழுவதைத்தான் ஆயிரம் விதமாகப் பார்த்திருக்கிறார். எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வேலையை முடித்து வீடு வந்து சேர்வதை ஒரு தடவைகூடக் கற்பனை செய்ததில்லை.

அன்றிரவு பேரம் நடந்தது. இனிமேல் எப்போது வலிப்பு வந்தாலும் அவள் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் குதிக்கக் கூடாது. கடைக்காரர்களிடம் எண் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளே சொன்னாள், அதைத் தட்டுவது மட்டும் தன்னைக் கேட்டபின். மயக்கம் தெளியாமல் நீண்டால் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீடு வேண்டாம் என்று தரகருக்கு ஃபோன் போனது. சொந்த வீடு என்றால் இந்தத் தெருவிலேயே ஒரு கீழ்த்தளம் கிடைக்காமலா போகும் என்று அவள் ஆறுதல் சொன்னாள். இந்தத் தெருவில் புறாக்கூண்டுகூட நாம் வாங்கும் விலையில் இருக்காது என்று அவர் முனகினார். ஆனால் அன்று சாப்பாடு அவருக்கு நன்றாக இறங்கியது.

காலையில் அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவர் வாசல் வரை வந்தார். பின்னாலேயே படிக்கட்டின் மேல்படியில் வந்து நின்றார். பார்த்துப் போ என்று சொல்லத்தான் வாயெடுத்தார் என்பது அவளுக்குத் தெரிந்தது. கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வரும்போது ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா" என்றார்.

அவள் சரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.