நாற்பத்தேழாவது கடிதம்

மாம்பலம் ஸ்டேஷனில் லூயிசா விழுந்ததை ஒரு வண்டி நிறைய ஆட்கள் பார்த்தார்கள்.

கரண்ட் வண்டி ஓட ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் நீராவி வண்டி. அது கிளம்புமுன் ஊதும், ஒருமுறை பின்னுக்கு இடிக்கும், பிறகுதான் மூச்சு வாங்கிக்கொண்டு நகரும். யாராவது ஓடி வந்தால் கார்டு கொடியை மடக்கிக்கொண்டு காத்திருப்பார். அதை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் உட்கார வேண்டும். பிறகு தியாகராய நகரில் வீடுகள் எழுந்தன, ஸ்டேஷனில் கூட்டம் பெருகியது, வாசலில் மயிலாப்பூர் பஸ் வந்து நின்றது, கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். கரண்ட் வண்டி அரை நிமிஷம் நிற்கும். ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அடுத்தது பின்னாலேயே வரும். லூயிசாவுக்கு இதெல்லாம் தெரியும். அவள் கால்களுக்குத் தெரியவில்லை.

பரங்கிமலையிலிருந்து ரயிலில் வந்து மாம்பலத்தில் இறங்கி, பஸ் பிடித்து மயிலாப்பூர் போய், அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அது இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்று சாயங்காலம் பஸ் மயிலாப்பூர் லஸ்ஸிலேயே நின்று ஆள் சேர்த்துக்கொண்டு தாமதமாக வந்தது. ரயில் பிளாட்பாரத்தில் நிற்பதைப் பார்த்ததும் ஓடினாள். பெண்கள் பெட்டியின் படியில் ஒரு காலை வைத்தாள். ஒரு கை அவள் தோளைப் பற்றிப் பின்னால் இழுத்தது.

உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். கட்டுரை நோட்டுகள் சிதறின. ரவிக்கை தோளில் கிழிந்திருந்தது. இழுத்தவர் போர்ட்டர் குலாம் முகம்மது. ஐம்பது வயதிருக்கும், நரைத்த தாடி. அவர் குனிந்து நோட்டுகளைப் பொறுக்கினார். நகர்ந்துகொண்டிருந்த மூன்றாம் வகுப்பு ஜன்னல் ஒன்றிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பாயி, கெட்டியா புட்ச்சுக்கோ. ஓடிடப் போவுது."

பெட்டி முழுக்கச் சிரித்தது. வண்டி போன பிறகும் பிளாட்பாரத்தில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லூயிசா வகுப்பில்கூடக் குரல் உயர்த்திப் பேசாதவள். அன்று நேரே ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய்ப் புகார்ப் புத்தகம் கேட்டாள். ஸ்டேஷன் மாஸ்டர் ரகுபதி அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது விதி.

பேனாவைக் கையில் எடுத்த பிறகுதான் தனக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை என்பது தெரிந்தது. பையில் வகுப்புக்கான மாதிரிக் கடிதப் புத்தகம் இருந்தது. சீமையில் அச்சானது. நாற்பத்தேழாவது கடிதம், ரயில்வே ஊழியர் ஒருவரின் முரட்டுத்தனத்தைப் பற்றி ஒரு கனவான் எழுதுவது. அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஊரையும் ஆளையும் மாற்றி, தோளில் கை வைத்ததைச் சேர்த்து எழுதினாள். நடுவில் ஒரு வாக்கியம், அந்த ஊழியர் குடித்திருந்தது வெளிப்படையாகத் தெரிந்தது என்று. அங்கே பேனா கொஞ்சம் நின்றது. அதை விட்டுவிட்டால் அடுத்த வாக்கியம் எதோடும் ஒட்டவில்லை. கடைசியில் 'தங்கள் பணிவுள்ள' என்று போடுவதைப் போல இதுவும் கடிதத்தின் ஒரு அங்கம்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே, அதுதான் பிற்பாடு அவளைக் குடைந்தது. கையெழுத்துக்குக் கீழே பள்ளியின் முகவரியைப் போட்டாள். கௌரவமாக இருந்தது.

பத்து நாளில் ரயில்வே ஆபீசிலிருந்து பதில் வந்தது. பள்ளிக்கே வந்தது, புகாரின் நகலோடு. போர்ட்டர் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார். சனிக்கிழமை காலை ஸ்டேஷனில் விசாரணை. புகார் எழுதியவர் வர வேண்டும்.

தலைமையாசிரியையான மதர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். திட்டு விழும் என்று போனாள்.

"நீ இவ்வளவு நல்லா எழுதுவேன்னு நான் நினைக்கல, லூயிசா. இத்தனை நாள் வாயே திறக்காம இருந்திருக்கியே."

மதர் நகலை ஆசிரியைகள் அறைக்கு எடுத்துவந்து எல்லாருக்கும் படித்துக் காட்டினார். தையல் சொல்லிக்கொடுக்கும் அல்போன்சா டீச்சர், "எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு லூயிசா. எங்க வீட்டுக்காரர் மேல," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். லூயிசாவும் சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் போனார்கள். புத்தகத்திலிருந்த நாற்பத்தேழாவது கடிதத்தை அவர்கள் மனப்பாடம் செய்திருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்திருக்குமோ என்று அவள் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு எழுதுவதாக மதர் அன்றே சொன்னார்.

மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் கபாலி அவளைப் பார்த்ததும் கூப்பிடுவதை நிறுத்தினான்.

"டீச்சரம்மா, குலாம் பாய் குடிச்சிருந்தாருன்னு எய்தினது நீங்கதானாமே?"

அவள் பஸ் படியை நோக்கி நகர்ந்தாள்.

"இன்னா வாசன அடிச்சுது? சாராயமா, கள்ளா?"

"எனக்குத் தெரியாது."

"எனக்கு ரெண்டும் தெரியும், அதான் கேட்டேன். பத்து வருசமா பாத்துக்கினு கீறேன். ஒரு சோடா வாங்கிக் குடுத்தாகூட ஏப்பம் வரும் வாணாம்பாரு. இப்ப இன்னாடான்னா, தொழுவசொல்ல பக்கத்துல நிக்கிறவன் மூக்க உறிஞ்சிப் பாக்குறானாம். மனுசன் பள்ளிவாசல் போறதையே வுட்டுட்டாரு." பிறகு ஒன்றும் நடக்காததைப் போலத் திரும்பி, "லஸ், லஸ், மைலாப்பூர்," என்று கத்த ஆரம்பித்தான்.

அன்று சாயங்காலம் ரகுபதியிடம் போய் நின்றாள்.

"சார், அந்தப் பக்கத்தை எடுத்துட முடியுமா?"

"கிழிக்கச் சொல்றேளா? பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கு. நகல் ஆபீசுக்குப் போய் நாளாச்சு. நீங்க எதைப் பார்த்தேளோ, சனிக்கிழமை அதைச் சொல்லுங்கோ."

"நான் ஒண்ணும் பார்க்கல சார்."

ரகுபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அதைச் சொல்லுங்கோ."

சனிக்கிழமை ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். இளவயதுக்காரர், அவசரத்தில் இருந்தார். குலாம் முகம்மது சீருடை இல்லாமல், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கதவோரம் நின்றார். சாட்சி சொல்ல லூயிசாவைக் கூப்பிட்டார். அவள் பையிலிருந்து மாதிரிக் கடிதப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

அதிகாரி ஒரு விரலை அச்சிலும் மறு விரலைப் புகாரிலும் வைத்து வரிவரியாக இறக்கினார். பாதியில் சிரித்துவிட்டார்.

"கமாகூட மாறல. நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

"டீச்சர்."

"என்ன பாடம்?"

அவள் சொன்னாள். அவர் மறுபடி சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. குடித்திருந்ததாகச் சொன்னது தவறு என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு போர்ட்டரைப் பார்த்து, நாளை வேலைக்கு வரலாம், ஆனால் பெண் பயணிமேல் கை வைத்ததற்கு எச்சரிக்கை, அது பதிவேட்டில் ஏறும் என்றார். குலாம் முகம்மது ஏதோ சொல்ல வாயெடுத்து, லூயிசாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று அதிகாரி அவளைக் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு நகல் போகுமா சார்?"

"போகும்."

அவள் கேட்டது அது ஒன்றுதான்.

வாசலில் குலாம் முகம்மது காத்திருந்தார்.

"டீச்சரம்மா, காயிதம் ஆபீசுல கெடக்கும். எங்க தெருவுக்கு அது வராது. வூட்டாண்ட வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

ரயில் பாதைக்கு மேற்கே, கோடம்பாக்கம் பக்கமாக ஒரு சந்து. அவர் முன்னால் நடந்தார். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலுக்கு வாசல் பெண்கள் நின்றார்கள். வீட்டு வாசலில் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் அவர் மனைவி நஸ்ருன்னிசா நிற்பது பாதங்களில் தெரிந்தது. லூயிசா திரையைப் பார்த்துச் சொன்னாள். புத்தகத்தைப் பார்த்து எழுதினேன், அவர் குடிக்கவில்லை, நான் எழுதியது பொய். பக்கத்து வாசல்களுக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"குடிச்சது பொய்யி. சரி. தோள்ல கை வெச்சாருன்னு கீதாமே. அதுவும் பொஸ்தவத்துல இருந்துச்சா?"

குலாம் முகம்மது சந்தின் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் இந்த வீட்டுக்குள் இந்தக் கேள்விதான் இருந்திருக்கிறது என்று லூயிசாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்ல. கை வெச்சது நிஜம்," என்றாள். "வண்டி கிளம்பிடுச்சு. நான் கவனிக்கல. ஒரு கால் படியில, ஒரு கால் தரையில. அவர் இழுக்கலைன்னா நான் சக்கரத்துக்கடியில போயிருப்பேன்."

"இத்த ஆபீசராண்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

அதிகாரி கேட்கவில்லை என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் கேட்டிருந்தார்.

"வெக்கமா இருந்துச்சு."

"எங்களுக்குந்தான் இருந்துச்சு," என்றது திரை.

ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தபோது அதிகாரி போய்விட்டிருந்தார். பரங்கிமலை வண்டி வந்து நின்றது. லூயிசா அதில் ஏறாமல் மாஸ்டர் அறைக்குப் போய்ப் புகார்ப் புத்தகம் வேண்டும் என்றாள்.

"மறுபடியுமா?" என்றார் ரகுபதி. "இன்னிக்கு யார் மேல?"

அவள் அடுத்த வெற்றுப் பக்கத்தைப் புரட்டித் தமிழில் தேதி போட்டாள். ரகுபதி எட்டிப் பார்த்தார்.

"இங்கிலீஷ்ல எழுதினா ஆபீசில சீக்கிரம் பார்ப்பா."

"எனக்கு இங்கிலீஷ்ல சொந்தமா எழுத வராது சார்," என்றாள் லூயிசா. இதுவரை அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு எழுத ஆரம்பித்தாள். ஓடும் வண்டியில் நான் ஏறப் போனேன்.