படகின் மூக்கு

சௌரிராஜன் படகு கட்டுகிறார் என்று தெரிந்த அன்றே தெருவுக்கு ஒரு மாதத்துக்கான பேச்சு கிடைத்துவிட்டது. கை நீளப் பொம்மைப் படகுதான். ஆனாலும் வைகையில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரை அதிகமாய் மண்டிக்கிடக்கிற ஊரில், கோரிப்பாளையத்து மொட்டைமாடியில் ஓய்வுபெற்ற பேங்க் மனிதர் படகு கட்டினால் யார்தான் எட்டிப் பார்க்கமாட்டார்கள்?

எட்டித்தான் பார்த்தார்கள், ஒருவரும் ஏறி வரவில்லை. மனைவி லலிதாம்பாள் போன பிறகு அந்த வீட்டில் சௌராஷ்டிரம் பேச எதிரே ஆளில்லை. தமிழுக்குப் பால்காரர் ஒருவர்தான். அவரும் பையை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

மரக்கூடு முடிந்து, மேலே ஃபைபர் துணி ஒட்ட வேண்டிய கட்டம். ரெசின் பசையில் நனைந்த துணி பலகைமேல் சமர்த்தாகப் படுக்கும். கத்தி மாதிரி கூரான மூக்கில் மட்டும் மடங்க மறுக்கும். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் எழும்பும். ஒருவர் பூச, இறுகும்வரை இன்னொருவர் பிடிக்க வேண்டும். எதிர்வீட்டு அருள்பாண்டியிடம் இதைச் சொன்னபோது சௌரிராஜன் முகத்தில் கவலையைக் காணோம். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் போல மாடியைப் பெருக்கி, இரண்டாவது நாற்காலியைத் துடைத்துப் போட்டதைத் தெருவே பார்த்தது.

“இந்தா வாரேண்ணே” என்ற அருள்பாண்டி மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ எடுக்கப் போனவன் போனவன்தான். கலந்த ரெசின் கப்பிலேயே சூடேறிக் கல்லாகிவிட்டது. மறுநாளும் அதே கதை.

அதற்கடுத்த நாள், எதிர்மாடியில் துணி காயப்போட வந்த அவன் மனைவி பாண்டீஸ்வரிக்கு மனசு கேட்கவில்லை. கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்தாள்.

“அவர நம்பி உக்காந்திருக்காதீங்கண்ணே. அந்த மூக்க உப்புத்தாள் போட்டு லேசா உருட்டிட்டா துணி தன்னால மடங்கிக்கிருமாம்ல. ஒத்த ஆளே ஒட்டிரலாமாம். செல்லுல பாத்தேன்.”

அவள் பார்த்த வீடியோவை அவர் எத்தனையோ தடவை பார்த்திருந்தார். உப்புத்தாள்கூட வாங்கியாகிவிட்டது, நாற்காலிக்கடியில் பழைய பேப்பருக்குள் கிடந்தது.

“அப்படியாம்மா? தெரியாமப் போச்சே” என்றார்.

அவள் நின்று பார்க்கும்போது வேறென்ன செய்வது? எடுத்துத் தேய்த்தார். கூர் மழுங்கியது. ரெசினைப் புதிதாய்க் கலந்து பூசினார். துணி ஒரு குமிழிகூட இல்லாமல் இருபுறமும் படிந்தது.

“நான் சொல்லல?” என்று பாண்டீஸ்வரி காலிக் கூடையோடு கீழே இறங்கினாள்.

இனிப் பிடிக்க அவசியமே இல்லை. சௌரிராஜன் துடைத்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, மூக்கின் இருபுறமும் கையுறைக் கைகளை வைத்து, ரெசின் இறுகும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.