கேப்டன் வீட்டு மொட்டைமாடி

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஹாத்திஃப் தெருக்கதவைத் தாழிட்டு, அதற்கு முட்டுக் கொடுத்த மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பாபா, இது வீடா ஜெயிலா?" என்றாள் ஹனீன்.

"ஜெயிலப் பத்தி எங்கிட்ட கேக்காத. எனக்கு நல்லாவே தெரியும்."

அவள் டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்தொன்பது வயது, தாயில்லாத ஒரே பெண். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். இன்றைக்கு மட்டும் அது செல்லுபடியாகவில்லை. போன புதன்கிழமை ஈராக் அரையிறுதியில் ஜெயித்ததும் பாக்தாத் முழுக்கத் தெருவில் இறங்கி ஆடியது. ஆடியவர்கள் நடுவில் கார் குண்டு வெடித்தது. எதிர்வீட்டு அபூ மிஸ்ஹிரின் மைத்துனனைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். இன்று ஆசியக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஜெயித்தால் மறுபடியும் ஆடுவார்கள். தாராளமாக ஆடட்டும், தன் மகள் மட்டும் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது என்பதில் ஹாத்திஃப் உறுதியாக இருந்தார்.

தெரு அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடும். எண்பதுகளில் தேசிய அணியின் தடுப்பாட்டக்காரர். போர் நடந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து போய் வளைகுடாக் கோப்பையை வென்று வந்த அணி அது. உலகக் கோப்பைக்காக மெக்சிகோ வரைக்கும் போனது. ஜெயித்தால் கார், தோற்றால் சிறை. அதுதான் அந்தக் காலத்து நியாயம். ஒரு முறை ஹாத்திஃப் அடித்த பெனால்டி கம்பத்துக்கு மேலே போனது. விமான நிலையத்திலிருந்து கிளம்பிய பேருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எந்தக் காலால் அடித்தாரோ அந்தப் பாதத்தில் சிறைக்காரர்கள் பிரம்படியைத் தொடங்கினார்கள், மற்றதையும் விட்டுவைக்கவில்லை. இன்றும் அவர் பாதத்தின் ஓரத்தை ஊன்றித்தான் நடக்கிறார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. அதன்பிறகு ஈராக் எத்தனை கோல் போட்டாலும் அவர் முகத்தில் ஈயாடாது. "நம்ம கேப்டனுக்கு இன்னும் ரெஃபரி விசில் ஊதலப்பா" என்று அபூ மிஸ்ஹிர் கேலி செய்வார். தெருவே சிரிக்கும். ஹாத்திஃப் சிரிக்க மாட்டார்.

ஜெனரேட்டர் இருமி இருமி ஓடியது. டிவியில் ஆட்டம், எதிரணி சவூதி. எழுபது நிமிடம் தாண்டியதும் ஒரு கார்னர் கிடைத்தது. குர்துக்காரன் தூக்கிப் போட்டான், கிர்க்கூக் பக்கத்துப் பையன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். சன்னி, ஷியா, குர்து என்று ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த நாடு ஒரே தொண்டையாகக் கத்தியது. ஹனீன் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் தாடியில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

ஈராக் ஜெயித்து ஆட்டம் முடிந்ததும் வெளியே துப்பாக்கிச் சத்தம் கிளம்பியது.

"பாபா, தெருவுக்கு வேணாம். மாடிக்காவது போறேனே. மாடிக்கு எந்தக் கார் ஏறி வரப்போகுது?"

அவர் யோசித்தார். அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

"சரி, போ. நானும் வர்றேன்."

சுட வேண்டாம் என்று அரசாங்கம் டிவியில் சொல்லியிருந்தது. யார் கேட்டது? கல்யாணமா, சாவா, ஆண்பிள்ளை பிறந்ததா, எதற்கும் வானத்தைப் பார்த்துச் சுடுகிற ஊர் இது. மேலே போனது கீழே வந்துதானே ஆக வேண்டும் என்று எவனும் கணக்குப் பார்ப்பதில்லை. பாழாய்ப்போன வழக்கம். காரைப் பார்த்துப் பயந்த ஹாத்திஃபும் வானத்தைப் பார்த்துப் பயப்படவில்லை.

அவர் மெல்லப் படியேறி வருவதற்குள் ஹனீன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொடியை வீசிக்கொண்டிருந்தாள். கீழே அபூ மிஸ்ஹிர் கலாஷ்னிகோவ் துப்பாக்கியோடு நின்றார்.

"ஏ ஹனீன்! உங்கப்பா இன்னிக்காவது சிரிச்சாரா?"

"சிரிக்கல மாமா, அழுதாரு!"

சொல்லிவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்தாள். களைத்துவிட்டாள் என்று நினைத்தார் ஹாத்திஃப். பிறகுதான் அவள் சரிந்தாள். உச்சந்தலையில் முடி நனைந்திருந்தது. அவர் கொடியைப் பிடுங்கி அங்கே வைத்து அழுத்தினார். துணி முழுக்கச் சிவந்தது.

"கண்ணு... ஹனீன்... பாபாவப் பாரும்மா."

அவள் பார்க்கவில்லை. மூச்சு மட்டும் இருந்தது.

அவர் எழுந்து சுவரோரம் ஓடினார். பாதம் ஊன்றி, இருபது வருடமாக ஓடாத ஓட்டம். கொடியைப் பிடித்த கையோடு இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசினார். "டாக்டர்! யாராவது ஓடி வாங்க! என் பொண்ணு!" என்று அடிவயிற்றிலிருந்து அலறினார். கொம்பும் மத்தளமும் வேட்டும் அந்தக் குரலை விழுங்கின.

அபூ மிஸ்ஹிர்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தார்.

"அடேய், அங்க பாருங்கடா! நம்ம கேப்டன் ஆடுறாருடா!"

தெரு மொத்தமும் நிமிர்ந்தது. ஒருவரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். ஹாத்திஃப் தலையில் அடித்துக்கொண்டார், குதித்தார், பின்னால் பின்னால் என்று கையைக் காட்டினார்.

"ஆடு கேப்டன், ஆடு!"

அபூ மிஸ்ஹிருக்குக் கண் கலங்கிவிட்டது. மடியிலிருந்த புதுத் தோட்டாக் கூட்டை எடுத்துத் துப்பாக்கியில் செருகினார். கேப்டனுக்கு மரியாதையாக வானத்தை நோக்கி அது காலியாகும்வரை சுட்டார்.